அம்பாசடர் ஏன் கொதித்தது?

கோடை விடுமுறை வந்தால் ஊட்டிக்குக் கிளம்புவது கொங்கு நாட்டுக் குடும்பங்களின் பழைய வழக்கம். 1970-களிலும் 80-களிலும் சொந்தக் காரோ வாடகைக் காரோ, பெரும்பாலும் அது அம்பாசடர்தான். முன்னால் மூன்று பேர், பின்னால் மடியில் குழந்தைகளோடு நான்கைந்து பேர், டிக்கியில் கட்டுச்சோறு. அதோடு ஒரு பழைய ஆயில் டப்பாவில் தண்ணீர். அந்தத் தண்ணீர் மனிதர்களுக்கு அல்ல, வண்டிக்கு!

மேட்டுப்பாளையமும் கல்லாறும் தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் அந்த டப்பாவுக்கு வேலை வந்துவிடும். பர்லியாறு பக்கம் சாலை ஓரத்தில் பானட்டைத் திறந்து வைத்து, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்திய கார்களைப் பார்க்கலாம். "வண்டி பாயில் ஆயிருச்சுங்க, கொஞ்சம் ஆறட்டும்" என்பார் டிரைவர். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பெரியவர்களுக்குக் கவலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே மலையில் ஓடும் நீலகிரி மலை ரயிலும் (1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை வந்தது) ஹில்குரோவ், ரன்னிமேடு போன்ற இடங்களில் தண்ணீருக்காக நிற்கும். நீராவி இன்ஜினுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதுதான் பிழைப்பு. கார் இன்ஜினுக்கோ தண்ணீர் கொதித்தால் அது நோய்.

சரியாகச் சொன்னால் நோய் கூட இல்லை, நோயின் அறிகுறி. "வண்டி ஹீட் ஆகுது" என்பது "உடம்பு காயுது" என்று சொல்வது மாதிரி. மலேரியாவா, டைஃபாய்டா, வெறும் சளியா என்று அதில் தெரியாது. பழைய காரில் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, காரைக் குளிர்விக்கும் முறை எப்படி வளர்ந்தது என்று பார்ப்பது. ஒவ்வொரு பாகமும் அதற்கு முன் இருந்த ஒரு குறையைத் தீர்க்க வந்தது. அந்தப் பாகம் கெட்டுப் போனால், அதே பழைய குறை திரும்பி வந்துவிடும்.

வெப்பத்துக்கும் வரவு செலவு உண்டு

பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு வெளியே போகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குப் போகிறது. மிச்சம்தான் வண்டியை ஓட்டவும், உராய்வில் வீணாகவும். தண்ணீருக்கு வந்த வெப்பம் ரேடியேட்டர் வழியாகக் காற்றுக்குப் போயாக வேண்டும். வரவு அதிகமானாலோ செலவு குறைந்தாலோ வெப்பம் உள்ளேயே சேரும். வண்டி கொதிக்கும். அவ்வளவுதான் விஷயம். மெக்கானிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: வரவு கூடியதா, செலவு குறைந்ததா?

தண்ணீர் குடித்த முதல் கார்

கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர காரில் இன்றைக்கு இருப்பது போன்ற ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகி, அந்த வழியிலேயே வெப்பத்தைக் கொண்டு போகும். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை சுமார் 106 கிலோமீட்டர் அந்த மாதிரி காரில் போனார். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் என்று அதைச் சொல்வார்கள். வழியெல்லாம் ஊர் ஊராகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் போனார்.

அடுத்த பெரிய மாற்றம் வில்ஹெல்ம் மேபாக் செய்தது. 1901-ன் மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காருக்கு அவர் தேன்கூடு வடிவ ரேடியேட்டரை அமைத்தார். 6 மில்லிமீட்டர் அளவில் 8,070 சிறு குழாய்கள். அவற்றின் ஊடே காற்று போகும், இடுக்குகளில் தண்ணீர் ஓடும். காற்று படும் பரப்பு பல மடங்கு கூடியதால் குறைவான தண்ணீரே போதுமானது. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தது.

சுற்ற வைப்பது யார்? ஃபோர்டின் மாடல் டி (1908 முதல் 1927 வரை) காரில், ஆரம்பத்தில் வந்த கொஞ்சம் வண்டிகளைத் தவிர, வாட்டர் பம்ப் இல்லை. சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்ற இயற்கையை நம்பியே தண்ணீர் சுற்றியது. தண்ணீர் மட்டம் மேல் குழாய்க்குக் கீழே போய்விட்டால் சுற்று அறுந்துவிடும். இன்ஜின்களின் சக்தி கூடியபோது இந்த மெதுவான சுற்று போதவில்லை. பெல்ட்டால் சுழலும் பம்பு எல்லாக் கார்களுக்கும் வந்தது.

பம்பு வந்ததும் எதிர்ப் பிரச்சினை. குளிர் காலையில் இன்ஜின் சூடேற நேரமானது. இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் வீண், தேய்மானமும் அதிகம். இதற்காக வந்ததுதான் தெர்மோஸ்டாட். 1914-ல் காடிலாக் தன் வி-8 இன்ஜினில் இதைப் பயன்படுத்தியது. குறிப்பிட்ட சூடு வரும்வரை மூடியிருந்து, பிறகு திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் கதவு இது.

கடைசியாக, அழுத்தம் தாங்கும் மூடி. தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கும் என்பது அதன் மேல் உள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. பிரஷர் குக்கரின் அதே தத்துவம். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் ஏறக்குறைய 111 டிகிரி வரை கொதிக்காது.

இப்போது ஊட்டிக்கு வாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் காரின் ரேடியேட்டரும் ஒரு திறந்த பாத்திரம்தான். சமவெளியில் 95 டிகிரியில் ஒழுங்காக ஓடிய அதே வண்டி, மலையில் 95 டிகிரியில் பொங்கி வழியும். இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லாமலே!

மலையும் அம்பாசடரும்

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை ஒட்டி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடர், 1957 முதல் 2014 மே வரை வந்தது. அதன் நீண்ட காலத் துணை 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின். குளிர் நாடான இங்கிலாந்தில் பிறந்த வடிவமைப்பு இது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை சுமார் 1,500 மீட்டர் ஏற்றம். நிறைய ஆட்கள், இரண்டாவது கியர், முழு ஆக்சிலரேட்டர். வரவு உச்சத்தில் இருக்கிறது. வண்டியோ மெதுவாகப் போகிறது, எதிர்க்காற்று கிடையாது. இன்ஜினோடு பெல்ட்டால் இணைந்த ஃபேன் தரும் காற்றை மட்டுமே நம்ப வேண்டும். முன்னால் லாரி ஊர்ந்தால் இன்ஜின் வேகமும் குறையும், ஃபேனும் மெதுவாகும். செலவு அடிமட்டத்தில். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ல் மின்சார ஃபேன் இருந்தது. இன்ஜின் வேகம் எதுவானாலும் சூடு கூடினால் அது தானே சுழலும். மலையில் அந்தச் சின்ன வண்டி பெரிய அம்பாசடரைத் தாண்டிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்னூர்த் தண்ணீரின் பங்கு

அன்னூர் ஒரு சந்திப்பு ஊர். கோவை - சத்தியமங்கலம் சாலையும், அவிநாசி - மேட்டுப்பாளையம் சாலையும் இங்கே சேர்கின்றன. ஒரு பக்கம் போனால் நீலகிரி மலைப்பாதை, இன்னொரு பக்கம் போனால் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம். இரண்டுக்கும் முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வசதியான இடம்.

ஆனால் எந்தத் தண்ணீர்? இது வானம் பார்த்த பூமி. போர் தண்ணீர் ஆழத்திலிருந்து வருவது, பெரும்பாலும் உப்பு. பல பத்தாண்டுகள் மக்கள் கேட்ட அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதுவரை மனிதர்களே நல்ல தண்ணீருக்கு அலைந்தபோது காருக்கு யார் நல்ல தண்ணீர் தேடுவார்கள்? கிடைத்த தண்ணீர் ரேடியேட்டருக்குள் போனது.

வீட்டில் வாட்டர் ஹீட்டர் காயிலின் மேல் வெள்ளையாகப் படிவது போல, இன்ஜினின் உட்சுவரிலும் ரேடியேட்டர் குழாய்களிலும் உப்பு படியும். அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தாது. தண்ணீர் கொதித்துக் குறையக் குறைய மேலும் உப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். படிவு கூடும். மறுபடி கொதிக்கும். வட்டிக்கு வட்டி கட்டுகிற கடன் மாதிரி இது. கடைசியில் ரேடியேட்டர் கடைக்குத்தான் போக வேண்டும். மேல் தொட்டியைப் பற்ற வைத்த இடத்தில் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய தகட்டை விட்டுச் சுரண்டி, மறுபடி பற்ற வைப்பார்கள்.

எப்போது கொதிக்கிறது?

அனுபவமுள்ள மெக்கானிக் பானட்டைத் திறக்கும் முன்பே கேட்கும் கேள்வி இது. பாதி விடை இதிலேயே இருக்கிறது.

நின்ற இடத்தில், நெரிசலில் மட்டும் சூடாகி, வேகமாக ஓடும்போது சரியாகிவிடுகிறதா? காற்று போதவில்லை. ஃபேன் பெல்ட் தளர்வு, உடைந்த ஃபேன், ரேடியேட்டர் முகப்பில் அடைத்த பூச்சியும் தூசியும்.

நெரிசலில் நன்றாக இருந்து, வேகத்தில் சூடாகிறதா? தண்ணீர் ஓட்டம் போதவில்லை. அடைத்த ரேடியேட்டர், அரித்துப் போன பம்பு இறக்கை, அல்லது உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும் நைந்த கீழ் ஹோஸ். இன்ஜினை நிறுத்தி, ஃபேன் நின்ற பிறகு ரேடியேட்டர் முகப்பை ஜாக்கிரதையாகத் தொட்டால் சில இடம் சுட்டு, சில இடம் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த இடம்தான் அடைப்பு.

ஸ்டார்ட் செய்து சில நிமிடத்திலேயே சூடாகி, மேல் ஹோஸ் மட்டும் குளிர்ந்தே இருக்கிறதா? தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. கழற்றி ஒரு பாத்திரத்து வெந்நீரில் போட்டால் திறக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

எங்கும் ஒழுகாமல் தண்ணீர் குறைகிறதா? ரேடியேட்டரில் குமிழி, சைலன்சரில் வெள்ளைப் புகை, ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறதா? ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. இதற்கு மேல் ஓட்டினால் நஷ்டம்தான்.

இவை எல்லாம் செலவுப் பக்கம். வரவுப் பக்கத்தை மறப்பவர்கள் அதிகம். பாயின்ட் தேய்ந்து இக்னிஷன் டைமிங் பின்தங்கினால் இன்ஜின் வீணாகச் சூடாகும். விடாமல் உராயும் பிரேக்கும் இன்ஜினுக்குப் பாரம்தான். இதைப் பார்க்காமல் ரேடியேட்டரை மாற்றினால் காசுதான் போகும்.

நம் ஊரில் பல பட்டறைகளில் ஒரு குறுக்கு வழி உண்டு. வண்டி சூடாகிறதா, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசு! சிக்கிய தெர்மோஸ்டாட்தான் காரணம் என்றால் அன்றைக்குச் சரியாகும். மற்ற கோளாறு என்றால் அது கொஞ்ச நாள் ஒளிந்திருந்து, மலையில் பாதி வழியில் தலை காட்டும். நடுவில் இன்ஜின் சமவெளியில் சரியான சூட்டுக்கே வராமல் தேய்ந்துகொண்டிருக்கும். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் தெர்மாமீட்டரைத் தூக்கி எறிந்த கதை.

இன்றைய கார்களில் சென்சாரும் கம்ப்யூட்டரும் இந்தக் கேள்விகளைத் தாங்களே கேட்டுக்கொள்கின்றன. ஆனால் பழைய வண்டிகள் இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்களிடம் ஓடுகின்றன. அவற்றுக்கு மனிதன்தான் சென்சார்.

அப்படி ஒரு வண்டி வழியில் கொதித்து நின்றால், முதல் வேலை ஓரம் கட்டிக் காத்திருப்பது. சூடான மூடியைத் திறந்தால் அழுத்தம் விடுபட்டு, உள்ளே 100 டிகிரிக்கு மேல் இருந்த தண்ணீர் அந்த நொடியே நீராவியாகி முகத்தில் அடிக்கும். முகமும் கையும் வெந்து போகும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் இரும்பு விரிசல் விடலாம். அரை மணி நேரமாவது ஆற விட்டு, மூடிமேல் கெட்டியான ஈரத் துணி போட்டு மெதுவாகத் திருப்ப வேண்டும்.

திறந்ததும் தண்ணீர் ஊற்றுவதற்கு முன், அந்த மூடியின் ரப்பரை ஒரு முறை திருப்பிப் பார்ப்பது நல்லது. பல நேரம் கோளாறு அங்கேயே இருக்கும்.