எழுத்துருவின் பூட்டும் திறவுகோலும்

மட்டாஞ்சேரியின் பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தில் போற்றப்பட்டுவரும் சேர மன்னன் பாஸ்கர ரவியின் செப்பேடு ஏறத்தாழ கி.பி. 1000ஐச் சேர்ந்தது. வட்டெழுத்துப் பயிற்சி உடையோர் இன்றும் அதை வாசிக்கலாம். ஆனால் 1990களில் கணினியில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ், மலையாளக் கோப்புகள் பல, பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே வாசிக்க இயலாதவை ஆயின. செப்பேட்டில் எழுத்தின் வடிவமே வெட்டப்பட்டிருக்கிறது. கோப்பில் இருப்பவையோ வெறும் எண்கள். எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பதை எழுத்துரு மட்டுமே அறியும். எழுத்துரு கைவிட்டுப் போனால் பனுவலும் போயிற்று.

1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழும் மலையாளமும் இடம்பெற்றிருந்தன. எனினும் கணினிகள் அதை முறையாகக் காட்டப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை அச்சகங்களும் நாளிதழ்களும் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தம் எழுத்து வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்களையே நம்பின. இலங்கையில் பெருவழக்காயிருந்த பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகவே சேமிக்கப்படும். கேரளத்தில் பரவிய கார்த்திகா எழுத்துருவில் ‘மலயாளம்’ என்பது ஏ, ஈ, பி, எம், எஃப், டபிள்யூ என்னும் ஆறு ஆங்கிலச் சிற்றெழுத்துகள். தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் குறியேற்றங்களைத் தரப்படுத்திய பின்னரும் பல நிறுவனங்கள் தத்தம் தனிக் குறியேற்றத்தை விடவில்லை.

இந்தப் பூட்டுகளைத் திறந்த முறையே ரிவர்ஸ் எஞ்சினியரிங். உருவாக்கியவரின் வரைபடம் கிட்டாத நிலையில், முடிந்த பொருளைப் பிரித்து ஆராய்ந்து அதன் அமைப்பை மீட்டெடுப்பது அது. ஃபான்ட்ஃபோர்ஜ் போன்ற கருவியில் எழுத்துருவைத் திறந்து, ஒவ்வோர் எண்ணிலும் அமர்ந்துள்ள வடிவத்தைக் கண்டு, இணை அட்டவணை ஒன்றை எழுதுவது முதற்படி. வரிசையை மாற்றுவது இரண்டாம் படி. பழைய எழுத்துருக்களில் ‘கொ’ கண்ணுக்குத் தெரியும் வரிசையில், ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாக இருக்கும். ஒருங்குறியிலோ ககரம் முன்னே, உயிர்க்குறி பின்னே.

நாகார்ஜுன வென்னா உருவாக்கிய ‘பத்மா’ என்னும் ஃபயர்பாக்ஸ் நீட்சி, பல இந்திய மொழி இதழ்களின் தனி எழுத்துருப் பக்கங்களை உலாவியிலேயே ஒருங்குறியாக்கிக் காட்டியது. 2002இல் தோன்றிய ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு ‘பய்யன்ஸ்’ என்ற மாற்றியை வெளியிட்டது, வி.கே.என். படைத்த கதைமாந்தனின் பெயர் அது. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஓர் எளிய அட்டவணைக் கோப்பு இருந்தால் போதும் என்பது அதன் அமைப்பு. ஆகவே நிரல் எழுதத் தெரியாதவரும், எழுத்துகளை அறிந்திருந்தால், புதிய எழுத்துரு ஒன்றைத் திறக்க முடிந்தது.

இத்தகைய ஆய்வு களவன்று. 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் சேர்ந்த உட்பிரிவுகள், முறையாக நிரலை வைத்திருப்பவர் அதன் செயற்பாட்டை ஆராய்வதையும், வேறெங்கும் எளிதில் கிட்டாத தகவலைப் பிற நிரல்களோடு இயைந்தியங்கும் பொருட்டுப் பெறுவதையும் அனுமதிக்கின்றன.

எனினும் அட்டவணை மட்டும் போதவில்லை. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே குறி. ‘மௌனம்’ என்பதை அட்டவணையை மட்டும் கொண்டு மாற்றினால், மெகரமும் ளகரமும் தனித்தனியாக நிற்கும் ‘மெளனம்’ ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு வேறு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது கிட்டாது. இங்கே உதவுவது இலக்கணம்: எகரக் குறியேற்ற மெய்யை அடுத்து வரும் ளகரத்தின் மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லையெனில், அது பெரும்பாலும் ஔகாரமே. இவ்விதியைப் புறக்கணித்த மாற்றிகளின் எச்சமாக ‘கெளரவம்’, ‘கெளதமர்’ முதலியன இன்றும் இணையமெங்கும் கிடக்கின்றன.

எனவே பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் நூலகங்களும் இதழ்களும் மூலக் கோப்பையும் அதன் எழுத்துருவையும் அழித்துவிடலாகாது. மாற்றத்தில் நேர்ந்த பிழையைத் திருத்தும் திறவுகோல் அவற்றில்தான் உள்ளது.