ஓதத்தின் வாடை

1983க்குப் பிறகு டொரொன்டோவில் வந்திறங்கிய ஈழத்தமிழர் பலருக்கு அந்த நாட்டில் கிடைத்த முதல் அறை தரைக்குக் கீழே இருந்தது. ‘பேஸ்மென்ட்’ என்ற சொல் கனடாத் தமிழில் அப்படியே ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. அதற்கு ஈடான இடம் யாழ்ப்பாணத்து வீட்டிலும் கிடையாது, தஞ்சாவூர் வீட்டிலும் கிடையாது. மழைத்தண்ணீர் ஏறாதபடி மேடை கட்டி அதன்மேல் எழுப்பியது நம் வீடு. மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்துக்கு ஓதம் என்று பேர் வைத்ததோடு நம் பாடு முடிந்தது. வட அமெரிக்கரைக் கீழே தோண்ட வைத்தது குளிர். மண்ணிலிருக்கும் தண்ணீர் உறையும்போது பருக்கும். பருத்தால் மேலிருக்கும் கட்டடத்தையே நெம்பிவிடும். ஆகவே உறைபனி எட்டாத ஆழத்துக்குக் கடைக்கால் இறங்கியாக வேண்டும். டொரொன்டோவில் அது குறைந்தது 1.2 மீட்டர். அவ்வளவு தோண்டியவன் இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓர் அறையே கிடைக்கும். முதலில் உருளைக்கிழங்கும் ஆப்பிளும் அங்கே போயின, பிறகு நிலக்கரி உலை போனது, கடைசியில் மனிதர்களே போனார்கள். நாலு பக்கமும் மண் சூழ்ந்த அந்த அறைக்கு ஈரச்சாக்கும் பழைய செய்தித்தாளும் கலந்தாற்போல ஒரு வாடை உண்டு. அதை விரட்டுவதற்கு இருநூறு ஆண்டுகளாக நடந்த முயற்சிகளைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: வாடையைத் துரத்தியவர்களுக்கு அது திரும்பத் திரும்ப வந்தது, தண்ணீரைத் துரத்தியவர்களுக்குப் போனது. விசித்திரம் என்னவென்றால், தண்ணீரைத் துரத்தியவர்களில் பலர் தாங்களும் வாடையைத்தான் துரத்துவதாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வாடை எங்கிருந்து வருகிறது என்பது மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. ஈர மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் வெளிவிடும் பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு ‘ஜியாஸ்மின்’ என்று பெயரிட்டது 1965ல். காற்றில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். முதல் மழையில் எழும் மண்வாசனையில் இருப்பதும் இதே பொருள்தான். வாசலில் வந்தால் நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்கிறோம், மூடிய அறையில் வந்தால் முகம் சுளிக்கிறோம். இதோடு பூஞ்சைகள் தம் பங்குக்கு வெளிவிடும் காளான் வாடையும் பிறவும் சேரும்போது நாம் பூசண நாற்றம் என்பது உருவாகிறது. உயிரோடிருக்கும் ஏதோ ஒன்று சுவரில் தின்றுகொண்டிருக்கிறது என்பதன் அறிகுறி அது. அதற்குச் சாப்பாடு மரத்திலும் தாளிலும் தூசியிலும் கிடைக்கும், சூடு மனிதர் வாழும் எந்த அறையிலும் கிடைக்கும். தண்ணீர் ஒன்றைத்தான் நம்மால் நிறுத்த முடியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்களுக்கு இது தெரியாது. அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைத் தருகிறது என்பது அன்றைய மருத்துவம். கடும் நாற்றம் எதுவானாலும் அது நோயேதான் என்று 1846ல் பாராளுமன்றக் குழு ஒன்றின் முன் சொன்னார் எட்வின் சாட்விக். பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சட்டங்களுக்கு அடித்தளம் போட்டவர் அவர். அந்தக் கொள்கையின் சோதனைக்களம் இங்கிலாந்தின் லிவர்பூல். அந்நகரின் 7,862 நிலவறைகளில் 45,000 பேருக்கு மேல், அதாவது ஊரில் ஐந்தில் ஒரு பங்கினர், ஈரத்திலும் இருட்டிலும் வாழ்ந்ததாக 1845ல் வெளிவந்த நூலில் எழுதினார் சமூகச் சிந்தனையாளர் எங்கெல்ஸ். சாக்கடையில்லாத முற்றங்களின் கழிவு மண்ணில் ஊறி அந்தச் சுவர்கள் வழியே கசிந்தது. 1847ல் நகரின் முதல் சுகாதார அதிகாரியாகப் பொறுப்பேற்ற டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கனும் கெட்ட காற்றை நம்பியவர்தான். ஆனால் நகராட்சி செய்த வேலை மூன்று: சாக்கடை வெட்டியது, தண்ணீர் கொண்டுவந்தது, நிலவறைகளை மூடியது. காரணம் தவறு, காரியம் சரி. அப்படியென்றால் மூக்கை நம்பியது நல்லதாகத்தானே போயிற்று என்று கேட்கலாம். பாதி உண்மை. நாற்றம் ஈரத்தைக் காட்டிக்கொடுத்த இடத்திலெல்லாம் மூக்கு நல்ல ஒற்றன். நாற்றத்தையே எதிரி என்று எண்ணிய இடத்தில் என்ன நடந்தது என்பதையும் அதே லிவர்பூல் காட்டுகிறது. மூடிய அறைகளிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்கு மாற்றிடம் இல்லை. அவர்கள் ஏற்கெனவே நெருக்கியடித்த மேல்தளங்களுக்குள் நுழைந்தார்கள், அல்லது ஆள் அசந்த நேரத்தில் அதே குழிக்குத் திரும்பினார்கள். நாற்றத்தை அப்புறப்படுத்தும் சட்டத்தில் மனிதர்களும் அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

வீட்டுக்குள்ளே நடந்த போர் வேறு மாதிரி. வினிகரைச் சூடாக்கிப் புகைய விட்டார்கள், கந்தகம் எரித்தார்கள், கரித்துண்டைச் சட்டியில் வைத்தார்கள். 1820களில் குளோரின் கலந்த சுண்ணாம்பு வந்தபோது நாற்றத்துக்கு முடிவு வந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். நாற்றத்தைத் துரத்துவதே வீண் என்று நான் சொன்னால் அதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்றும் இங்கேதான் இருக்கிறது: 1847ல் வியன்னாவில் டாக்டர் செம்மெல்வெய்ஸ் மருத்துவர்களின் கையைக் குளோரின் நீரில் கழுவச் சொன்னது, பிணவாடையை அது போக்கியதால்தான். பிரசவ வார்டில் மரணங்கள் சரிந்தன. ஆனால் கையில் ஒட்டிய கிருமி ஒருமுறை கழுவினால் போகும். சுவரில் ஊறும் ஓதம் நாளைக்கும் ஊறும். சுண்ணாம்பின் கணக்கும் இப்படித்தான். நீற்றாத சுண்ணாம்பை நிலவறையில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மை. 10 கிலோ சுண்ணாம்பு ஏறத்தாழ 3 கிலோ தண்ணீரைக் குடித்து நீறிவிடும், அதோடு அதன் வேலை தீர்ந்தது. வெள்ளையடிப்பது இதைவிட மேல், ஏனென்றால் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை வேர்பிடிக்காது. அமெரிக்காவில் 1841ல் இல்லறக் கையேடு எழுதிய கேத்தரின் பீச்சர் நிலவறைக்கு அடிக்கடி வெள்ளையடிக்கச் சொன்னார். அதே மூச்சில் வடிகால் ஒன்றும் வேண்டும் என்றார். அந்த இரண்டாவது வரியைத்தான் பலர் தாண்டிப் போனார்கள்.

தாண்டிப் போகாதவர் ஒருவர் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்து கான்கார்டைச் சேர்ந்த வழக்கறிஞரும் நீதிபதியுமான ஹென்றி ஃபிளாக் ஃபிரெஞ்ச், பொழுதுபோக்குக்கு விவசாயி. இவருடைய மகன்தான் வாஷிங்டனில் அமர்ந்திருக்கும் லிங்கன் சிலையை வடிவமைத்த டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச். மகனின் கல்லைப் பார்க்க உலகம் வருகிறது, தகப்பனின் கல் மண்ணுக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. 1859ல் அவர் வெளியிட்ட ‘ஃபார்ம் டிரெய்னேஜ்’ என்னும் நூல் வயலில் நிற்கும் தண்ணீரை வடிப்பது பற்றியது. சுட்ட களிமண் ஓடுகளை மண்ணுக்கடியில் வரிசையாகப் புதைக்கும் முறையை ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஜான்ஸ்டன் 1838லேயே நியூயார்க் மாநிலத்து வயலில் செய்து காட்டியிருந்தார். ஃபிரெஞ்ச் அந்த வித்தையை விளக்கி எழுதியதோடு நிற்காமல் வீட்டு நிலவறையை வடிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். சங்கதி எளிது. தண்ணீர் தாழ்ந்த இடத்துக்குத்தான் போகும். அறையின் தரையைவிடத் தாழ்ந்த வழி ஒன்றை நீ வெட்டிக் கொடுத்தால் அது அறைக்குள் வராது. கல் நிரப்பிய ஓடை ரோமானியர் காலத்திலேயே உண்டு, அவர் கண்டுபிடித்தது எதுவுமில்லை. ஆனாலும் இன்றுவரை அதற்கு ‘ஃபிரெஞ்ச் டிரெய்ன்’ என்றுதான் பெயர், பலர் அதைப் பிரான்ஸ் நாட்டுச் சரக்கு என்றே நினைக்கிறார்கள். என் கணக்கில் நிலவறை வாடையின் வரலாற்றில் திருப்புமுனை இதுதான். வயலையும் வீட்டையும் ஒரே கண்ணால் பார்த்த விவசாயிக்குச் சுவர் நாறவில்லை, மண் ஊறுகிறது என்பது தெரிந்திருந்தது.

வடிகாலே தீர்வு என்பதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் மறுப்பு ஒன்று: காற்றும் வெளிச்சமும் விட்டால் போதாதா, பூட்டி வைத்தால் எந்த வீடும் நாறத்தானே செய்யும்? நம் ஊர் அனுபவத்துக்கு இது சரி. தரைமேல் நிற்கும் வீட்டில் சுவரும் வெளிக்காற்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும், காற்று ஈரத்தை வாரிக்கொண்டு போகும். நிலவறையில் கதை தலைகீழ். கோடையில் வெளியே 30 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று 21 டிகிரிக்குக் குளிர்ந்தவுடன் தண்ணீராக வடியத் தொடங்கும். மண்ணை ஒட்டிய சுவர் 16 டிகிரியில் இருந்தால், குளிர்ந்த மோர்ச்செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல அதுவும் வியர்க்கும். காய வைக்கிறோம் என்று ஜன்னலைத் திறப்பவர் உள்ளே தண்ணீர் ஊற்றுகிறார். கெட்ட காற்றை நல்ல காற்றால் விரட்டும் பழைய மருத்துவத்தின் மிச்சம் இது. இயந்திரத்தால் காற்றின் ஈரத்தைப் பிழியும் வழியை 1902ல் பொறியாளர் வில்லிஸ் கேரியர் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக வகுத்தார். ஈரத்தில் தாள் சுருங்கி விரிந்து வண்ணங்கள் விலகிப் போனதுதான் அங்கே சிக்கல். இன்றைய ஏ.சி. பிறந்தது உடம்பு குளிர அல்ல, தாள் உலர. அந்த வழியில் வந்த ஈரம் உறிஞ்சும் இயந்திரம் காற்றில் வரும் தண்ணீருக்குச் சரியான மருந்து. மண்ணிலிருந்து வரும் தண்ணீருக்கு அதை மட்டும் நம்பினால், ஊறுகிற கிணற்றைச் சொம்பால் இறைத்த கதையாகும்.

இருபதாம் நூற்றாண்டு செய்த தவறு வேறு. கல்லும் சுண்ணாம்புமாக இருந்த நிலவறையில் பூஞ்சைக்குத் தண்ணீர் இருந்தாலும் தீனி குறைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதை விருந்தினர் கூடமாக்கும் ஆசை வந்தது. குளிர்ந்த கான்கிரீட்டின் மேல் மரச்சட்டம், அதன்மேல் இருபுறமும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகை, தரையில் கம்பளம். ஈரம் மறைந்தது, போகவில்லை. பூஞ்சைக்கோ இலை போட்டுப் பரிமாறியாயிற்று. மறைப்பின் ஆபத்தை ஜெர்மானிய வேதியியலாளர் லியோபோல்ட் க்மெலின் 1839லேயே கண்டவர். ஆர்செனிக் கலந்த பச்சை நிறத் தாள் ஒட்டிய ஈர அறைகளில் எலி வாடை அடிக்கிறது, கவனம் என்று எச்சரித்தார். அந்தத் தாளில் வளரும் பூஞ்சையே ஆர்செனிக்கை வாயுவாக மாற்றுகிறது என்பதை 1893ல் இத்தாலியர் கோசியோ காட்டினார். க்மெலின் அறைக்கு வாசனை தெளிக்கச் சொல்லவில்லை, தாளைக் கிழிக்கச் சொன்னார். இன்று கடைகளில் அடுக்கியிருக்கும் தெளிப்பான்கள் நேர் எதிரான வேலையைச் செய்கின்றன, ஒற்றனின் வாயைக் கட்டுகின்றன. அறையிலேயே கிடப்பவரின் மூக்கு எப்படியும் சில நாளில் பழகிப்போய் வாடையைச் சொல்லாது. ஈரமான வீடுகளுக்கும் இருமலுக்கும் இளைப்புக்கும் தொடர்புண்டு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009ல் வழிகாட்டி வெளியிட்ட பிறகும் சந்தனமும் லாவண்டரும் மணக்கும் புட்டிகளின் விற்பனை குறையவில்லை.

வீட்டைச் சுற்றித் தோண்டி வடிகால் வைப்பது வீட்டுக்காரனால் முடியும், வாடகைக்குக் கீழே இருப்பவன் என்ன செய்வான் என்ற கேள்வி நியாயமானது. லிவர்பூலில் டங்கனின் காலத்தில் எழுந்த அதே கேள்வி. தோண்டும் செலவு பெரிது, அதைக் குடியிருப்பவர் தலையில் கட்டுவதும் அநியாயம். ஆனால் நிலவறைக்கு வரும் தண்ணீரெல்லாம் ஆழத்திலிருந்து வருவதில்லை. பல வீடுகளில் அது தலைக்கு மேலிருந்து வருகிறது. 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர் தண்ணீர். கூரைக் குழாய் அதைச் சுவரோரத்தில் கொட்டினால் அது போகுமிடம் உங்கள் படுக்கைக்குப் பக்கத்துச் சுவர். குழாயை நாலடி நீட்டி, சுவரோர மண்ணை வெளிப்பக்கமாகச் சரித்துப் போடச் சொல்லிக் கேட்பதற்குப் பெரிய பணம் வேண்டாம். வாசனைப் புட்டி வாங்கப் போகுமுன், அடுத்த மழையில் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் அந்தக் குழாய் எங்கே கொட்டுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.