இந்த வருஷம் நம்ம டீம் எப்படி? - கல்லூரிக் கூடைப்பந்தின் ஒரு சின்ன வரலாறு

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிகளில் ஜூலை மாதம் முளைக்கிற கேள்வி இது. மூன்றாம் வருஷ அண்ணன்மார் போய்விட்டார்கள். புதுசாகச் சேர்ந்தவர்களில் எவன் உயரம், எவன் பள்ளிக்கூடத்திலேயே ஆடினவன் என்று கேண்டீனில் பேச்சு ஓடும். "போன தடவை கொஞ்சத்துல போச்சு, இந்தத் தடவை கப்பு நமக்குத்தான் மக்கா" என்று ஒருத்தன் அடித்துச் சொல்வான். "போலே, உனக்க டீம்ல ரிங்கைத் தொட ஆளுண்டா?" என்று இன்னொருத்தன் மறிப்பான்.

எதிர்பார்ப்பு இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் நாம் தப்பான இடத்தைப் பார்த்து எதிர்பார்க்கிறோம் என்பது என் கட்சி. நாம் கோப்பையைப் பார்க்கிறோம். ஆடுகிற பையன் பார்ப்பது ஒரு பட்டியலை. அது எந்தப் பட்டியல், அதில் நம்ம ஊர்ப் பையன் பேர் வருவது ஏன் இவ்வளவு பாடு என்று புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பழக்கூடையில் தொடங்கிய ஆட்டம்

1891 டிசம்பர். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக இரண்டு பீச் பழக்கூடைகளை உயரத்தில் அடித்து வைத்து ஓர் ஆட்டத்தை உண்டாக்கினார். வகுப்பில் 18 பேர், அதனால் அணிக்கு 9 பேர். விதிகள் மொத்தம் 13. அந்த முதல் ஆட்டத்தில் ஓர் அணிக்குத் தலைவராக இருந்த டங்கன் பாட்டன்தான் 1894-ல் இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தார் என்று கூடைப்பந்து வரலாறுகள் சொல்கின்றன.

நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, கல்லூரியாக உயர்ந்தது 1893-ல். அதாவது இந்த ஆட்டத்துக்கும் நம்ம ஊர்க் கல்லூரிப் படிப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு!

தெற்கே ஆட்டம் வேர் பிடித்ததிலும் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பங்கு உண்டு. அங்கே படித்த ஹாரி க்ரோ பக், 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். அங்கே பயிற்சி பெற்ற பி.டி. மாஸ்டர்கள் போன இடமெல்லாம் ஆட்டமும் போனது. 1934-ல் இந்தியாவின் முதல் தேசியப் போட்டி. 1936 பெர்லினில் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் நுழைந்தது. 1950-ல் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் உருவானது. 1980 மாஸ்கோவில் நம் ஆண்கள் அணி ஒரே ஒரு தடவை ஒலிம்பிக் ஆடி, எல்லா ஆட்டத்திலும் தோற்றுத் திரும்பியது.

அமெரிக்காவில் இந்த ஆட்டத்தைப் பெரிதாக்கியது கல்லூரிகள்தான். அங்கே 1939 முதல் நடக்கும் என்.சி.ஏ.ஏ. போட்டியில் ஒரு கல்லூரி அணி தன் பேரிலேயே நாட்டின் சாம்பியன் வரை போகலாம். ரசிகன் சீசன் தொடங்கும் முன்பே "இந்த வருஷம் கோப்பை" என்று கனவு காண்பதில் அர்த்தம் இருக்கிறது.

இங்கே கதை வேறு. பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரி, எத்தனை பலமான அணி வைத்திருந்தாலும், தன் பேரில் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் ஆட முடியாது. முதலில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அதில் நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கி, முகாம் வைத்து, 12 பேர் கொண்ட பல்கலைக்கழக அணி. அந்த அணி தென் மண்டலத்தில் ஆடும். மண்டலத்தில் முதல் நாலு இடம் பிடித்தால் அகில இந்தியப் போட்டி. 1925-ல் தோன்றிய பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியம், 1940-களில் இருந்து விளையாட்டுப் போட்டிகளையும் நடத்திவருகிறது. இன்றைய பேர் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்.

ஆக, ஒரு கல்லூரி அணியின் பெரிய வெற்றி என்பது அதன் நல்ல ஆட்டக்காரர்கள் வேறொரு ஜெர்சியைப் போட்டுக்கொண்டு போவதுதான். யாருடைய ஜெர்சி? நம்ம மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஒரே ஊர், நாலு பல்கலைக்கழகம்

1893-ல் ஸ்காட் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் பிறந்ததும் நாஞ்சில் நாடு அதன் கீழ் வந்தது. 1952-ல் தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான் (பேரிலேயே இருக்கிறது பாருங்கள்). பல்கலைக்கழகம் இருந்த திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர்.

1956 நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நாம் கொண்டாட வேண்டிய நாள், சந்தேகமில்லை. ஆனால் கல்லூரிகள் மறுபடியும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு மாறின. 70 கிலோமீட்டர் 700 ஆனது. இங்கிருந்து ஒரு பையன் பல்கலைக்கழக அணிக்கு ஆட வேண்டுமென்றால், தலைநகரத்துக் கல்லூரிப் பையன்களைத் தாண்டி வர வேண்டும். அவர்களுக்கு மைதானம் வாசலில், பயிற்சியாளர் பக்கத்தில். நம்மவனுக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பயணம்.

1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது, தூரம் 240 கிலோமீட்டராகக் குறைந்தது. 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். திருநெல்வேலி பக்கம் அபிஷேகப்பட்டி, சுமார் 80 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் தேர்வில் ஆடிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். போட்டிக்கு வரும் கல்லூரிகளும் நெல்லை, தூத்துக்குடி, குமரி என்ற எல்லைக்குள் சுருங்கின. 12 இடத்தில் நம்மவருக்கு ஒன்றிரண்டாவது கிடைக்க நியாயமான வாய்ப்பு பிறந்தது 1990-ல் என்பேன்.

பிரிந்துபோன பையன்கள்

அந்த வாய்ப்பு வந்த வேகத்தில் இன்னொரு பக்கம் உடைய ஆரம்பித்தது. 2001-ல் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் போயின. அதுவரை ஒரே பல்கலைக்கழக அணிக்கு ஆடியிருக்கக்கூடிய பி.காம். பையனும் பி.இ. பையனும் அதற்குப் பிறகு வேறு வேறு ஜெர்சி. ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே கோர்ட்டில் பந்து தட்டிய ரெண்டு பேர் ஓர் அணியில் சேரவே முடியாது.

அடுத்தது நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். சத்யபாமா 2001-ல் அந்த அந்தஸ்து பெற்றது (அதைத் தொடங்கிய ஜேப்பியார் நம்ம மாவட்டத்துக்காரர்). எஸ்.ஆர்.எம். 2002, இந்துஸ்தான் 2008. நம்ம குமாரகோவிலில் இருக்கும் நூருல் இஸ்லாமும் 2008-ல்தான். இங்கேயெல்லாம் கல்லூரிதான் பல்கலைக்கழகம், பல்கலைக்கழகம்தான் கல்லூரி. நேராகத் தென் மண்டலத்தில் ஆடலாம். அதே 12 பேர் வருஷம் முழுக்கச் சேர்ந்து பயிற்சி எடுக்கலாம். பள்ளியிலேயே நன்றாக ஆடுகிறவனைக் கண்டுபிடித்து, கட்டணம் இல்லாமல் சீட்டும் விடுதியும் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கமும் வந்துவிட்டது.

எதிரில் நிற்கிற நம்ம பல்கலைக்கழக அணியை நினைத்துப் பாருங்கள். மூன்று நாலு மாவட்டத்துக் கல்லூரிகளில் இருந்து வந்த 12 பேர். நேற்று வரை எதிரெதிராக ஆடியவர்கள். முகாமில் ஒருத்தன் பாஸை இன்னொருத்தன் புரிந்துகொள்வதற்குள் ரயில் ஏற வேண்டும். இவர்களிடம் தென் மண்டலத்தில் முதல் நாலு இடத்தை எதிர்பார்ப்பது லேசான காரியமா?

கோப்பையும் காகிதமும்

"சரி, தோற்றால் தோற்கட்டும், ஆட்டம்தானே" என்று சிலர் சொல்லலாம். ஆடுகிறவனுக்கு அது வெறும் ஆட்டம் இல்லை.

மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு விதிகளில் யாருக்கெல்லாம் தகுதி என்று ஒரு பட்டியல் உண்டு. நாட்டுக்கோ மாநிலத்துக்கோ ஆடியவர். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். தேசியப் பள்ளிப் போட்டியில் மாநிலப் பள்ளி அணிக்கு ஆடியவர். பல்கலைக்கழக ஆட்டக்காரருக்கான சான்றிதழுக்குப் படிவம் 3 என்று பேர். 'கல்லூரிக்கு ஆடியவர்' என்று அங்கே ஒரு வரி கிடையாது. கல்லூரி ஜெயித்த கோப்பை முதல்வர் அறை அலமாரியில் இருக்கும். படிவம் 3 பையன் கையில் இருக்கும். தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று கூடைப்பந்து அணி வைத்திருக்கும் இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு. பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரையே தெற்கு ரயில்வே ஆட்டக்காரர்தான். மீனவக் குடும்பத்திலோ ரப்பர் பால் வெட்டும் குடும்பத்திலோ இருந்து வருகிற ஒரு பையனுக்கு அந்தக் காகிதம் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மாநில அளவில் பார்த்தால் தமிழ்நாடு சும்மா இல்லை. 2018-லும் 2022-லும் சென்னையில் நடந்த தேசியப் போட்டிகளில் பட்டம் நம் ஆண்கள் அணிக்குத்தான். ஆனால் அந்த உயரத்துக்குப் போகிற ஏணியில் நம்ம மாவட்டத்துப் பையனுக்குக் கால் எட்டுகிற படி, பல்கலைக்கழக அணி.

பி.காம். மூளைக்கு எட்டிய கணக்கு

ரசிகர்கள் சீசனுக்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆரம்ப இருப்பு: போன வருஷ 12 பேரில் இறுதியாண்டுக்காரர்கள் கழிவு. இளங்கலை மூன்று வருஷம் என்பதால் சராசரியாக வருஷம் நாலு பேர் போவார்கள். ஆடுகளத்தில் நிற்பது ஐந்து பேர்தான். போகிற நாலு பேரும் அந்த ஐந்தில் இருந்தால் கோப்பைக் கனவை ஒரு வருஷம் தள்ளி வைக்க வேண்டியதுதான் :-)

வரவு: முதலாண்டில் சேர்ந்தவர்கள். கூடவே எம்.காம்., எம்.ஏ. என்று அதே கல்லூரியில் தங்குகிறவர்கள். ஒரு நல்ல ஆட்டக்காரன் முதுகலைக்கு இங்கேயே இருந்தால் அணிக்கு இன்னும் ரெண்டு வருஷம் லாபம். புதுப் பையனின் உயரத்தை விட இது முக்கியமான செய்தி. இதை யாரும் விசாரிப்பதில்லை!

தேய்மானம்: மழை. தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையும் நன்றாகக் கிடைக்கும் மாவட்டம் நம்முடையது. விவசாயத்துக்கு வரம், கூரையில்லாத சிமெண்ட் கோர்ட்டுக்குச் சாபம். ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, நவம்பரில் செமஸ்டர் தேர்வு. போட்டிக்குத் தயாராக வேண்டிய நாட்கள் இப்படித்தான் கரைகின்றன. கோர்ட்டுக்கு மேல் ஒரு கூரை, புது ஜெர்சியை விட அதிகம் உதவும்.

ஆக, "கப்பு நமக்கா?" என்று கேட்பது தப்பில்லை. அதோடு நிற்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கல்லூரி செமி ஃபைனலில் தோற்ற வருஷத்திலும் ரெண்டு பேர் பல்கலைக்கழக அணிக்குப் போயிருந்தால் அது நல்ல வருஷம். கோப்பை வந்தும் ஒருத்தனும் போகவில்லை என்றால் சந்தோஷத்தில் பாதிதான். தேர்வுப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும் அன்று கோர்ட் பக்கம் கூட்டமே இருக்காது. அன்றைக்கு ஒரு நடை போய், நம்ம கல்லூரிப் பேர் அதில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.