வெள்ளை நிறத்துக்குக் கொடுத்த விலை

2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் நம் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் நாயும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைப் பற்றிப் பேசினார். பெருமைதான். ஆனால் இந்த நாய்க்குப் பரம்பரையாக வரும் ஒரு குறையும் உண்டு: காது கேளாமை.

ராஜபாளையம் நாய் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது. சுத்த வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அசல் என்பது நாளடைவில் சட்டம்போல் ஆகிவிட்டது. கறுப்போ புள்ளியோ விழுந்த குட்டிகளை ஒதுக்கினார்கள், கொன்றதும் உண்டு. வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்தார்கள்.

தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். பிறகு மருந்தில்லை. டால்மேஷன் நாய்க்கும் சில வெள்ளைப் பூனைகளுக்கும் இதே கதைதான்.

அழகுக்காக இப்படி விலை கொடுத்தது நாம் மட்டுமில்லை. 1926-இல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், பழைய ஓவியங்களில் கண்ட நீள முகச் சிறு ஸ்பானியலைக் கொண்டுவருவோருக்கு லண்டன் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் 25 பவுண்டு பரிசு அறிவித்தார். அப்படி உருவான இனம்தான் கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல். மிகச் சில நாய்களிலிருந்து பெருகியதால், இதயத்தின் மிட்ரல் வால்வு கசியும் நோய் அந்த வம்சத்தோடு ஒட்டிக்கொண்டது. ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய பாதி நாய்களுக்கும், பத்து வயதுக்குள் அநேகமாக எல்லாவற்றுக்கும் அது வந்துவிடுகிறது. இந்த நாய்களை இப்படி இனப்பெருக்கம் செய்வது விலங்குநலச் சட்டத்துக்கு விரோதம் என்று 2023-இல் நார்வே உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

நம்மூரில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. வாங்குகிறவர்கள் விழித்துக்கொண்டாலே போதும். குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆனதும், அது பார்க்காதபோது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். திரும்பவில்லையென்றால் சந்தேகப்படுங்கள். வெடிச் சத்தத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம். அதன் அதிர்வைச் செவிட்டு நாயும் உணரும். சிவகாசிப் பக்கம் வேட்டுக்கு அசையாமல் படுத்திருக்கும் வெள்ளை நாயைத் தைரியசாலி என்று மெச்சுவதற்கு முன் இதையும் யோசியுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத நாயை வீட்டில் கண்டுபிடிப்பது கடினம்; அதற்கு மூளையின் ஒலித் தூண்டலை அளக்கும் கருவி வேண்டும்.

செவிட்டு நாயையும் கைஜாடை காட்டிப் பழக்கி, கயிற்றில் பிடித்து, நன்றாக வளர்க்கலாம். குட்டி போட மட்டும் விடக் கூடாது. நிறம் கொஞ்சம் கூடிய குட்டியை வேண்டாம் என்று தள்ளவும் கூடாது. காவல் காப்பது காதுதான், வெள்ளைத் தோல் இல்லை.