கல்லூரி விளையாட்டு, சென்னைப் பல்கலைக்கழகம்

சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் மாணவர் ஆடிய ஆட்டங்களும் அவற்றை ஒட்டி வளர்ந்த விடுதி வாழ்க்கையும் இத்தலைப்பில் அடங்கும். 1857இல் தோன்றிய பல்கலைக்கழகம் தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்பு மட்டுமே. திடலும் விடுதியும் கல்லூரிகளின் பாடு. கிறித்தவக் கல்லூரியில் அதன் முதல்வர் வில்லியம் மில்லர் 1880களில் மாணவர் விடுதிகளைத் தொடங்கினார்.

ஆவணங்கள் பெருகுவது 1920க்குப் பிறகு. அவ்வாண்டு அமெரிக்கரான ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். ஆசியாவில் இவ்வகைக் கல்லூரிகளுள் இதுவே முதலாவது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதுவரை பள்ளி, கல்லூரிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில்தான். அதை நடத்தியவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர். டிரில் வாத்தியார் இருந்த இடத்தில் பயிற்சி பெற்ற பி.டி. மாஸ்டரைக் கொண்டுவந்து நிறுத்தியதே பக்கின் பெரும் பணி எனலாம். விசிலும் கையுமாக வெயிலில் நிற்கும் அந்த உருவம் இல்லாத தமிழ்ப் பள்ளி நினைவு அரிது. கூடைப்பந்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் பக்கே என்று சிலர் எழுதுவர், கல்கத்தா ஒய்.எம்.சி.ஏ. முந்திக்கொண்டது என்பாரும் உண்டு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் மேலாளராக அவர் சென்றதில் ஐயமில்லை. அவ்வணியில் தடை தாண்டி ஓடிய சி. கே. லட்சுமணன் பின்னாளில் மருத்துவராகப் புகழ்பெற்றார்.

பிரெஞ்சு இயேசு சபைத் துறவி பெர்ட்ராம் 1925இல் லயோலாக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் பெயரால் நடக்கும் பெர்ட்ராம் போட்டி அப்போது கல்லூரி மாணவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1951இல் அந்த விதியைச் சற்றுத் தளர்த்த வேண்டியதாயிற்று. தென்காசியில் தந்தை டி. கே. ராமநாதனிடம் டென்னிஸ் பயின்ற ராமநாதன் கிருஷ்ணன், பள்ளிச் சிறுவனாகவே கல்லூரி முதல்வரிடம் தனி அனுமதி பெற்று ஆடினார். பட்டத்தையும் வென்றார். மூன்றே ஆண்டுகளில், 1954இல், விம்பிள்டன் சிறுவர் பட்டம் அவருக்குக் கிடைத்தது. ஆசியர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை. அனுமதி கொடுத்த கையைப் பாராட்டத்தான் வேண்டும்.

கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரை விட்டுத் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. காட்டை ஒட்டிய அவ்வளாகத்தில் சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் ஆகிய மூன்று விடுதிகள் எழுந்தன. ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்தவர்கள் மாலையில் திடலில் எதிரணியினர் ஆயினர். வேல்ஸ் நாட்டில் கார்டிஃப், சுவான்சீ பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் மோதிக்கொள்வது போன்ற வழக்கம் இங்கே வேர் பிடிக்காததற்கு, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை தமிழ்நாட்டுப் பகுதிக்கு ஒரே பல்கலைக்கழகம் இருந்தது காரணமாகலாம். இங்குப் போட்டியெல்லாம் கல்லூரிக்கும் கல்லூரிக்கும், விடுதிக்கும் விடுதிக்கும்தான்.

மகளிர் கல்லூரிகளில் இராணி மேரி 1914இலும் மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915இலும் தொடங்கப்பட்டன.

1965 தொடக்கத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தால் கல்லூரிகள் கொந்தளித்தன. அதே பருவத்தில் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் எஸ். வெங்கட்ராகவன் பத்தொன்பது வயதில் நியூசிலாந்துக்கு எதிராகச் சென்னையில் தம் முதல் கிரிக்கெட் டெஸ்ட் ஆடினார். தில்லி டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் 72 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் சாய்த்தார். பிறகு கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்தும் அதே கல்லூரியிலிருந்து வந்தார்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் 1954வரை இவ்வரலாற்றுக்கு வெளியே நின்றது. பின்னர் புதுச்சேரிப் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்கி, 1985இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அமைந்ததும் பிரிந்தன. இன்று காரைக்காலின் கோட்டுச்சேரி கொம்யூன் என்னும் உள்ளாட்சிப் பிரிவில், திருவேட்டக்குடியில், 2010இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் உள்ளது. பிற மாநில மாணவரும் விடுதியில் தங்கிப் பயில்கின்றனர். தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுக்குள் தனியே விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன.