டெல்டாவின் ஆயில் இன்ஜினும் ஹெட் கேஸ்கட்டும்

காவிரிப் படுகையில் ஆயில் இன்ஜின் என்றால் பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின்தான். ஐந்து முதல் பத்து குதிரைத்திறன் கொண்டது, தண்ணீரால் குளிர்வது, பெல்ட் போட்டோ நேரடியாக இணைத்தோ ஒரு பம்பை ஓட்டுவது. இதன் சிலிண்டர் பிளாக்கும் அதை மூடும் ஹெட்டும் பொருந்தும் இடத்தில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். அதுவே ஹெட் கேஸ்கட். இரண்டு செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நாரை வைத்து அழுத்திய கேஸ்கட்டே நெடுங்காலம் வழக்கில் இருந்தது. எரியும் வாயு வெளியே சீறக் கூடாது. நீர்ப்பாதையில் ஓடும் தண்ணீர் சிலிண்டருக்குள்ளோ ஆயிலுக்குள்ளோ இறங்கக் கூடாது. இந்த இரண்டையும் அந்த ஒரே தகடு காக்க வேண்டும்.

அது தாங்கும் சுமை சிறியதல்ல. ஐந்து குதிரைத்திறன் கொண்ட கிர்லோஸ்கர் ஏ.வி.1 இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 80 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 1,500 சுற்று. டீசல் எரியும் நொடியில் உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 60 மடங்கு என்று கொண்டால், ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய மூன்று டன். நிமிடத்துக்கு 750 முறை அந்த அடி விழுகிறது. ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் சில நட்டுகளும் நடுவில் உள்ள கேஸ்கட்டும்தான் அதற்கு ஈடு கொடுக்கின்றன.

தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் தஞ்சை வயல்களுக்கு இன்ஜின் தாமதமாகவே வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் எண்ணெய் இன்ஜின் வைத்து நீர் இறைக்கும் முயற்சியைப் பரப்பியபோது, அதற்குத் தேவை இருந்தது கிணற்றுப் பாசனப் பகுதிகளில்தான். ஆறும் வாய்க்காலும் தானாகப் பாய்ந்த தஞ்சையில் இறைப்பு வேலை மேட்டு நிலங்களோடு நின்றது. ஏற்றமும் இறைகூடையும் அதற்குப் போதுமாக இருந்தன. 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பிறகு இந்த நிலை இன்னும் உறுதிப்பட்டது.

மாற்றம் 1960களில் வந்தது. 1960-61-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் குறுவைப் பருவத்துக்கு வந்தது. குறுவையில் காலக்கணக்கு முக்கியம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் கதிர் அறுத்துவிட வேண்டும். ஆனால் மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12; அதற்குப் பின்னும் தண்ணீர் கடைமடை வந்து சேர நாள் பிடிக்கும். ஆற்று நீர் வருமுன் நாற்றங்கால் போட்டு வைக்க நிலத்தடி நீர் தேவைப்பட்டது. படுகையின் மணல் அடுக்கில் அதிக ஆழமில்லாமலே தண்ணீர் கிடைத்தது. அங்கே வடிகட்டிக் குழாயை இறக்கிய பில்டர் பாயிண்ட் கிணறுகள் பரவின. மின்சாரம் எட்டாத வயல்களில் அவற்றின் மேல் ஆயில் இன்ஜின் அமர்ந்தது. பசுமைப் புரட்சியைப் பேசும்போது விதைக்கும் உரத்துக்கும் கொடுக்கும் இடத்தை இந்த இன்ஜினுக்கும் கொடுப்பதுதான் நியாயம்.

இன்ஜின்கள் பல ஊர்களிலிருந்து வந்தன. இங்கிலாந்தின் டர்ஸ்லியில் லிஸ்டர் நிறுவனம் 1930 வாக்கில் கொண்டுவந்த, நிமிடத்துக்கு 600 முதல் 650 சுற்று மட்டுமே ஓடும் கனத்த இன்ஜினைப் பார்த்து ராஜ்கோட் பட்டறைகள் அதே அமைப்பில் வார்த்தன. 1946-இல் நிறுவப்பட்ட கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் புனேயிலிருந்து வேகம் கூடிய, எடை குறைந்த இன்ஜின்களைத் தந்தது. பம்புகளுக்குக் கோயம்புத்தூர் இருந்தது.

கேஸ்கட் கெடுவதற்கான காரணம் இன்ஜினைக் குளிர வைத்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. பம்பின் டெலிவரி குழாயிலிருந்து ஒரு சிறு குழாயைப் பிரித்து இன்ஜினுக்குள் விடுவார்கள். தண்ணீர் சிலிண்டரைச் சுற்றி ஹெட் வழியாக வெளியேறி வாய்க்காலில் விழும். ரேடியேட்டர் இல்லை, விசிறி இல்லை, செலவும் இல்லை. ஆனால் பம்பு தண்ணீர் எடுக்காத கணமே இன்ஜினுக்கும் தண்ணீர் நின்றுவிடும். பம்பு மேலிருந்து உறிஞ்சக்கூடிய ஆழம் நடைமுறையில் ஏறத்தாழ 25 அடிதான். சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் இறங்கும்போது பம்பு காற்றுப் பிடிக்கும். உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள புட் வால்வு கசிந்தாலும் இதே கதிதான். பாரம் குறைந்த இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஹெட் பழுக்கச் சூடேறி வளையும், கேஸ்கட் கருகும். அந்தச் சூட்டில் பம்பைச் சரிசெய்து பச்சைத் தண்ணீரை விட்டால் வார்ப்பிரும்பு ஹெட்டில் விரிசலே விழும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் மிகவும் வேண்டிய மாதங்களில்தான் கேஸ்கட்டும் போகும் என்பது இதன் கொடுமையான விளைவு.

கடலோரத்தில் துன்பம் வேறு விதம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உவர்நீர் இன்ஜினின் நீர்ப்பாதையில் உப்புப் படிய வைக்கும், துளை ஓரங்களை அரிக்கும். அங்கே சூடேறாமலே கேஸ்கட் இற்றுப்போகும்.

பழுதின் அடையாளங்களை மெக்கானிக்குகள் கண்ணாலும் கையாலும் படித்தார்கள். ஹெட்டிலிருந்து விழும் தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் வாயு நீர்ப்பாதைக்குள் புகுந்துவிட்டது. ஆயில் குச்சியில் பால் கலந்த காப்பி நிறம் தெரிந்தால் தண்ணீர் ஆயிலில் இறங்கிவிட்டது. அதற்கு மேல் ஓட்டினால் பேரிங்கும் போய்விடும். ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது எதிர்ப்பில்லாமல் சுழன்றால் கம்ப்ரஷன் இல்லை. அதற்கு வால்வோ பிஸ்டன் ரிங்கோகூடக் காரணமாகலாம் என்பதால், ஹெட் விளிம்பில் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டே கழற்றுவார்கள்.

தேர்ந்த மெக்கானிக் புதுக் கேஸ்கட்டை மாட்டுவதோடு நிற்பதில்லை. ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்புள்ள இரும்புச் சட்டத்தை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் ஹெட் லேத்துப் பட்டறைக்குப் போகும். நட்டுகளை ஒரே மூச்சில் முடுக்காமல், எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குவார். லிஸ்டர் வகை இன்ஜினில் இன்னொரு நுட்பம் உண்டு. பிஸ்டனின் மேல் மெல்லிய ஈயக் கம்பியை வைத்து, ஹெட்டைப் பூட்டி, சக்கரத்தைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார். பிறகு ஹெட்டைத் தூக்கி, நசுங்கிய கம்பியின் கனத்தை அளப்பார். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி அதுதான். கேஸ்கட்டின் கனம் தவறினால் இந்த இடைவெளி தவறும். குறைந்தால் பிஸ்டன் இடிக்கும். கூடினால் இன்ஜின் கிளம்பாது. ஓட்டிச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி நட்டுகளைப் பார்க்காதவரை வேலை முடிந்ததாகாது. அவசரத்தில் பலர் விட்டுவிடும் படி இதுவே. புதுக் கேஸ்கட் சில வாரங்களில் மறுபடி போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

தடுப்பு முறைகளும் தண்ணீரைச் சார்ந்தே வளர்ந்தன. இன்ஜின் பக்கத்தில் ஒரு இரும்பு டிரம்மை உயரத்தில் வைத்து, சூடான நீர் மேலேறவும் குளிர்ந்த நீர் கீழிறங்கவும் விட்டால், பம்பு காற்றுப் பிடித்தாலும் இன்ஜினுக்குத் தண்ணீர் உண்டு. நல்ல நீரால் நிரப்பினால் உவர்நீர்த் தொல்லையும் இல்லை. நேர்ப்பாய்ச்சலில் இன்ஜின் அளவுக்கு மீறிக் குளிர்ந்து லைனர் தேய்வதும் இதில் குறையும். இடத்தையும் செலவையும் பார்த்துப் பலரும் இதைச் செய்யவில்லை. கோடையில் குழி வெட்டிப் பம்பை மட்டும் கீழே இறக்கி, மேலிருக்கும் இன்ஜினிலிருந்து நீள பெல்ட் போட்டு ஓட்டுவதும் வழக்கமாக இருந்தது. பின்னர் வந்த காற்றால் குளிரும் இன்ஜின்களில் நீர்ப்பாதையே இல்லாததால் கேஸ்கட்டின் வேலையில் பாதி குறைந்தது.

1990-இல் விவசாயத்துக்கு மின்சாரம் முழுவதும் இலவசமானதும் ஆயில் இன்ஜின்கள் ஒதுங்கின. ஆனாலும் காணாமல் போகவில்லை. 2012-இல் மேட்டூர் செப்டம்பரில்தான் திறந்தது. மின்வெட்டும் கடுமையாக இருந்ததால் அவை மறுபடி தேவைப்பட்டன. 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது டீசலை நம்பியே பல ஊர்கள் தண்ணீர் எடுத்தன.

கல்நார்க் கேஸ்கட்டின் தீங்கு தாமதமாகவே உணரப்பட்டது. ஒட்டிய பழைய கேஸ்கட்டை உலர்வாகச் சுரண்டி, தூசியை வாயால் ஊதியவர்களின் நுரையீரலுக்குள் போனது புற்றுநோய் தரும் இழை. இன்று கிராஃபைட்டும் பல அடுக்கு எஃகுத் தகடும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. பழைய இன்ஜினைப் பிரிப்பவர்கள் முகத்தை மூடிக்கொண்டு, தகட்டை நனைத்த பிறகே சுரண்ட வேண்டும்.

டெல்டாவில் இப்போது ஹெட் கேஸ்கட் வேலை டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் மாறியிருக்கிறது. சம்பா அறுவடையின்போது பறக்கும் தூசும் பதரும் ரேடியேட்டரை அடைத்து இன்ஜினைச் சூடேற்றுகின்றன. ரேடியேட்டர் வலையை நாளுக்குச் சில முறை ஊதிச் சுத்தம் செய்வதும், வெறும் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுவதும், வெப்பமானியின் முள் ஏறினால் அந்த வயலிலேயே நிறுத்திவிடுவதும்தான் அங்கே தடுப்பு.