ஆளுக்கு இரண்டு பவுண்டு

ஒரு சின்ன விளையாட்டு. இப்போதே வீட்டைக் காலி செய்துவிட்டு நடந்தே கிளம்ப வேண்டும். திரும்பி வர வழியில்லை. சொந்தச் சாமான் என்று ஆளுக்கு இரண்டு பவுண்டுதான் அனுமதி, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவு. எதை எடுத்துப்பீங்க? நகையா, போட்டோ ஆல்பமா? யோசித்துக்கொண்டே இருங்கள். அதற்குள் நிஜமாகவே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்ட 28 பேரைப் பார்த்துவிட்டு வரலாம்.

1915 அக்டோபர் 27. அண்டார்ட்டிகாவின் வெட்டல் கடல். பல மாதங்களாகப் பனிக்கட்டிகளின் பிடியில் சிக்கியிருந்த ‘எண்டூரன்ஸ்’ கப்பல் நொறுங்கத் தொடங்கியது. எல்லோரும் உறைந்த கடல் மீது இறங்கினார்கள். தலைவர் எர்னஸ்ட் ஷாக்கில்டன். அண்டார்ட்டிகாவைக் குறுக்காகக் கடக்கும் முதல் ஆள் தானாக இருக்க வேண்டும் என்று புறப்பட்டவர். அவர் முதலில் தூக்கிப் போட்டது அந்தக் கனவைத்தான். இனி ஒரே வேலை, அத்தனை பேரையும் உயிரோடு ஊர் சேர்ப்பது.

படகுகளைப் பனியில் இழுத்துப் போயாக வேண்டும். அதனால்தான் ஆளுக்கு இரண்டு பவுண்டு கணக்கு. சொன்னதோடு நிற்கவில்லை மனுஷர். தன்னிடமிருந்த தங்க நாணயங்களை எல்லோரும் பார்க்கப் பனியில் எறிந்தார். ராணி அலெக்ஸாண்ட்ரா கப்பலுக்குத் தந்த பைபிளிலிருந்து ராணியின் கையெழுத்துள்ள தாளையும் வேறு சில பக்கங்களையும் மட்டும் கிழித்துக்கொண்டு, புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டார். தங்கம் போனது. குடும்பப் போட்டோக்கள் தப்பின.

இன்னொன்றும் தப்பியது. ஹஸ்ஸி என்பவரின் பாஞ்ஜோ! இரண்டு பவுண்டு கணக்கில் அடங்கவே அடங்காத வாத்தியம். ஆனாலும் எடுத்து வரச் சொன்னார் ஷாக்கில்டன். பாட்டு இல்லாமல் போனால் மனசு உடைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்து, போட்டோகிராபர் ஃப்ராங்க் ஹர்லி. கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்கள் அவருடைய உயிர். இருவரும் பனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நூற்றுச் சொச்சம் தகடுகளை வைத்துக்கொண்டு, சுமார் 400 தகடுகளை அங்கேயே உடைத்தார்கள். சும்மா விட்டுவிட்டு வந்திருக்கலாமே, ஏன் உடைக்கணும்? உடைக்காவிட்டால் மனசு மாறித் திரும்ப எடுக்கத் தோன்றும் அல்லவா!

எல்லாம் இப்படி லேசாக முடியவில்லை. தச்சர் மெக்னிஷ் பிரியமாக வளர்த்த பூனையையும் சில நாய்க்குட்டிகளையும் சுட்டுவிடச் சொன்னார் தலைவர். மெக்னிஷுக்கு அது எப்படி வலித்திருக்கும்! எதையும் சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, விட மனசு வராவிட்டால்? 1845-ல் இங்கிலாந்திலிருந்து வட துருவப் பகுதிக்குப் போன சர் ஜான் ஃப்ராங்க்ளின் குழு இருக்கிறது. 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. 1859-ல் தேடிப் போன மெக்ளின்டாக் குழுவினர், கிங் வில்லியம் தீவில் சறுக்குவண்டி மீது ஒரு படகைக் கண்டார்கள். உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள். கூடவே வெள்ளிக் கரண்டிகள், பட்டுக் கைக்குட்டைகள், வாசனை சோப்பு, செருப்புகள், புத்தகங்கள்! சாப்பிட இருந்ததோ டீத்தூளும் சாக்லெட்டும்தான். பசி, குளிர், நோய் என்று அவர்கள் சாவுக்குக் காரணங்கள் பல. வெள்ளிக் கரண்டிதான் கொன்றது என்று சொல்ல முடியாது. ஆனால் நடக்கவே தெம்பில்லாத மனிதர்கள் அதையும் சேர்த்து இழுத்திருக்கிறார்கள்.

எண்டூரன்ஸ் ஆட்கள் படகேறி எலிஃபண்ட் தீவை அடைந்தார்கள். அங்கிருந்து ஐந்து பேரோடு சின்னப் படகில் உதவி தேடிப் போனார் ஷாக்கில்டன். 1916 ஆகஸ்ட் 30 அன்று திரும்பி வந்து, காத்திருந்த 22 பேரையும் மீட்டார். கப்பலில் போன 28 பேரும் பிழைத்தார்கள். பாஞ்ஜோவும் பிழைத்தது.

நம் வெள்ளிக் கரண்டிகள் எவை? எட்டு வருஷத்துக்கு முன் மச்சினர் சொன்ன ஒரு வார்த்தை. எப்போதோ கைநழுவிய பிரமோஷன். ‘நான் இல்லாவிட்டால் ஆபீஸே நடக்காது’ என்று ராத்திரி வீட்டுக்குத் தூக்கி வரும் ஃபைல். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். பாஞ்ஜோ என்றால் கனமானாலும் பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள். கரண்டி என்றால் போட்டுவிடுங்கள்.

போட்ட பிறகு, ஹர்லி மாதிரி உடைத்தும் விடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்குக் காலையில் நாமே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவோம்!